தொண்டூர் ஏரியிலிருந்து விமானம் ஏற்றிவிட்ட தலைமை மெக்கானிக் இருதயநாதனார்க்கு

செஞ்சி ஸ்ரீ கமலக்கண்ணி மோட்டார் சர்வீஸில் இருபத்தேழாண்டு இயந்திரங்களோடு இயைந்து வாழ்ந்து, இன்று ஓய்வு கொள்ளும் உயர்திரு ம. இருதயநாதன் அவர்கட்கு, உடன் உழைத்தோர் உவந்து அளிக்கும் மடல்.

இரும்பின் நாடி பிடித்தறிந்த இணையற்ற இயந்திர மருத்துவரே! பெட்ரோல் கிடைக்காத நாளில் கரி வாயுவில் இருமிய வண்டிகளையும் கண்டாச்சிபுரம் மேடு ஏறச் செய்த கைவண்ணரே! வார்த்தையிற் சிக்கனமும் வேலையில் வள்ளன்மையும் வாய்ந்த வித்தகரே! எண்ணெய்க் கறை படிந்த கைக்கு உரியவராயினும் கறையொன்றும் படியாத கருத்துக்கு உரியவரே! வணக்கம்!

மடல் வாசிப்போர் மாலை சூடியவரை நோக்கி 'நீவிர், நீவிர்' என்று பேசுவதே வழக்கம். ஆனால் நம் மேஸ்திரியை நேர்நின்று புகழ்ந்தால் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஷெட்டுக்குள் போய்விடுவார் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். போன மாதம் முதலாளி அவர்கள் இரண்டு வார்த்தை நல்லதாகச் சொன்னதற்கே ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று நழுவியவர் அவர். ஆதலால், அவையோரே, அவரை விட்டுவிட்டு உங்களிடமே பேசுகிறோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வைகாசி அமாவாசையன்று நடந்ததைக் கேளுங்கள். ஏரியில் விமானம் இறங்கியதை ஊரே கண்டது. அது எப்படி எழுந்தது என்பதை முழுவதும் அறிந்தோர் சிலரே.

முதலில் ஒரு முன்கதை. யுத்த காலத்தில் மூன்றாண்டு இருதயநாதனார் நம் ஷெட்டில் இல்லை. தெற்கே ஒரு விமானத் தளத்தில் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் இருந்தார். பஸ் இன்ஜின் ஒன்றையே அறிந்து சென்றவர், அங்கே வகைவகையாய்க் கண்டார். தண்ணீரால் குளிரும் இன்ஜின், சிலிண்டர்களை வரிசையாய் நிறுத்தியது, கூரான மூக்கோடு காற்றைக் கிழித்துச் செல்வது. காற்றாலேயே குளிரும் இன்ஜின், சிலிண்டர்களைச் சக்கரத்து ஆரக்கால் போல் வட்டமாய் நிறுத்தியது, மூக்கு மழுங்கினாலும் அடி தாங்குவது. ஒன்றைப் பிரிக்கும்போது மற்றதை நினைத்துக்கொள்வது அவர் பழக்கம். 'இது ஏன் இங்கே இப்படி, அது ஏன் அங்கே அப்படி' என்று ஒப்பிட்டு ஒப்பிட்டே கற்றார்.

அந்தக் கொட்டகையில்தான் அந்தக் காரியமும் நடந்தது. ஒரு விடியற்காலை, இரவெல்லாம் நின்றிருந்த வட்ட இன்ஜின் ஒன்றை, அதன் விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்காமலே முடுக்கச் சொன்னார் ஒரு மேலதிகாரி. வட்ட இன்ஜினில் அது ஆகாது என்பது இருதயநாதனாருக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கத்தினார். இவர் வாயை மூடிக்கொண்டார். விமானம் எழுந்தது. தென்னை உயரம் போகுமுன் இன்ஜின் உடைந்து, வயலில் விழுந்தது. இருவர் மாண்டனர். எவரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. கேட்கவே இல்லை. யுத்தம் முடிந்து ஊர் திரும்பியவர் இதை இரண்டு பேரிடம்தான் சொன்னார். ஒருவர் அவர் மனைவி மரியசெல்வி அம்மாள். மற்றவர் உலோகத்தை உருக்கி ஒட்டும் நம் பற்றுவைப்புக்காரர் வீராசாமி. "சொல்லியிருந்தா அடிச்சிருப்பான், அவ்ளோதான வீராசாமி? அடிதான?" என்று கேட்டாராம்.

இனி அமாவாசைக்கு வருவோம்.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயில் கூட்டத்துக்காக நம் வண்டிகள் அத்தனையும் காலையிலேயே ஓடத் தொடங்கிவிட்டன. ஒன்பது மணி இருக்கும். சந்திரகிரி மலைப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்தது ஒரு விமானம். இரண்டு விசிறிகளில் வலப்பக்கத்து விசிறி அசையாமல் நின்றிருந்தது. பஸ்ஸின் கூரைமேல் இருந்த யாத்திரிகர்கள் அங்காளம்மனைக் கூவி அழைத்தார்கள். விமானம் தொண்டூர்ப் பக்கத்து வறண்ட ஏரிக்குள் இறங்கி, புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, கரைக்கு எழுபது கெஜத்தில் நின்றது.

விமானி ரங்கநாதன் என்பவர். உடன் ராஜாம்பாள் என்ற நர்ஸம்மாள். மூன்றாமவர் மருத்துவ இலாகாவின் பெரிய அதிகாரி. பெயர் இங்கே வேண்டாம். பின்னால் ஐஸ் நிறைத்த பெட்டிகளில் காலரா ஊசி மருந்து. தெற்குக் கடற்கரையில் புயலடித்து ரயில் பாதையும் சாலையும் அறுந்து, வெள்ளம் வடியுமுன் காலரா பிடித்துக்கொண்டது. மருந்து வானில்தான் போயாக வேண்டும். வழியில் வலது இன்ஜினில் எண்ணெய் அழுத்தம் விழ, விமானி உடனே அதை நிறுத்திவிட்டார். ஒற்றை இன்ஜினில் போகப் பார்த்தார். கத்திரி வெயிலின் மெலிந்த காற்றில், அத்தனை பாரத்தோடு, விமானம் உயரம் நிற்கவில்லை.

சென்னைக்குத் தந்தி போயிற்று. மெக்கானிக் வர மூன்று நாளாகும் என்று பதில் வந்தது.

"மூணு நாளா?" என்றார் ராஜாம்பாள். "அங்கே ஒரு பள்ளிக்கூடத்துல இருநூறு பேர் தரையில கெடக்கறாங்க. அதுக்குள்ள எத்தினி பேரு மிஞ்சுவாங்க?"

முதலாளி துரைக்கண்ணு அவர்கள் ஆள் விட்டு இருதயநாதனாரை அழைத்துவரச் செய்தார். காக்கி அரைக்கால் சட்டையும் கையில் ஸ்பானர்ப் பையுமாய் வந்தவரை விமானி ஏற இறங்கப் பார்த்தார்.

"பஸ் மெக்கானிக்கா?"

"ஆமாங்க. யுத்தத்துல இதுவும் பாத்துருக்கறேன். ஒன்பது சிலிண்டரு, காத்துல ஆர்ற இன்ஜின்."

விமானி ஏணி கொண்டுவரச் சொன்னார். ஏணி வந்தது. மூடியைக் கழற்றியதும் நோய் தெரிந்துவிட்டது. எண்ணெய்க் குழாய் ஒன்று வளையும் இடத்தில் மயிரிழையாய் வெடித்திருந்தது. அது சின்னக் காரியம். பெரிய கேள்வி வேறு. எண்ணெய் குறைந்த அந்த நேரத்தில் இன்ஜினின் உள்ளே உரசி எதுவும் தேய்ந்து போயிற்றா? போயிருந்தால் குழாயை ஒட்டி என்ன பயன்? மிச்ச எண்ணெயை ஒரு சட்டியில் வடித்தார். ராஜாம்பாளிடம் கட்டுக் கட்டும் வெள்ளைத் துணி கேட்டு வாங்கி அதில் வடிகட்டினார். உள்ளே உலோகம் தேய்ந்திருந்தால் துணியில் பொடி மின்னும். துணியை வெயிலில் விரித்து, மண்டியிட்டு, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கருப்பு, கருப்பு, கருப்பு. மினுக்கு ஒன்றும் இல்லை.

"உயிர் இருக்குது சார்" என்றார். "நேரத்துல நிறுத்திட்டீங்க. நீங்கதான் காப்பாத்துனீங்க."

அப்போதுதான் விமானி முதன்முறையாய்ச் சிரித்தார்.

ஒட்டுவதற்குத் தாமிரக் குழாய் வேண்டும். ஷெட்டில் இல்லை. யுத்தத்துக்குப் பின் எங்கேயும் இல்லை. ஓடுகிற பஸ்ஸில்தான் இருந்தது. அமாவாசை நாளில் ஒரு வண்டியை நிறுத்துவது என்றால் என்ன என்று இங்கே இருக்கும் டிரைவர்களுக்கும் கண்டக்டர்களுக்கும் நாம் விளக்க வேண்டியதில்லை. முதலாளி அவர்கள் அரை நிமிடம் யோசித்தார்.

"நாலாம் நெம்பரைப் பிரி" என்றார். "அம்மனுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

நாலாம் நம்பரின் குழாயில் ஒரு சாண் அறுத்து, வெடித்த இடத்தின்மேல் உறைபோல் ஏற்றி, பித்தளைப் பற்று வைத்தார் வீராசாமி. இன்னொரு வண்டி திண்டிவனம் போய் ஐஸ் கொண்டுவந்தது.

பற்று ஆறும்வரை இறக்கையின் நிழலில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. பெரிய அதிகாரி ஓர் ஆங்கிலப் பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் பழைய கட்டை, மிஸ்திரி" என்றார். "சீமையில் இப்போது ஜெட் வந்துவிட்டது. விசிறியும் இல்லை, ஒன்பது சிலிண்டரும் இல்லை. நம்மிடம் அது ஒன்று இருந்தால் இந்த ஏரியில் வந்து விழுந்திருப்போமா?"

இருதயநாதனார் ஜெட்டை நேரில் கண்டவரல்லர். ஆனால் நம்மூர் டூரிங் கொட்டகையில் செய்திப் படத்தில் அது அரை நிமிடம் வந்தபோது, அந்த அரை நிமிடத்துக்காக ஏழு நாள் டிக்கெட் வாங்கியவர். யுத்தகால விமானத் தளத்தில் ஒரு சார்ஜென்ட் தரையில் குச்சியால் கீறிக் காட்டிய ஜெட் படமும் அவர் நெஞ்சில் இருந்தது.

"ஜெட்டு நல்ல இன்ஜின்தான் சார்" என்றார். "ஒசரம், வேகம் ரெண்டுலயும் அத்த இது தொட முடியாது. குலுக்கலும் கம்மி. முன்னுக்கும் பின்னுக்கும் இடிக்கிற பிஸ்டனே இல்ல, எல்லாம் சுத்தறதுதான. ஆனா ரெண்டும் செய்யற வேலை ஒண்ணு சார். காத்தைப் புடிச்சிப் பின்னால தள்ளுது. தள்ன வேகத்துல வண்டி முன்னால போவுது."

"அப்புறம் என்ன வித்தியாசம்?"

"இந்த விசிறி நெறயக் காத்தை மெதுவாத் தள்ளுது. ஜெட்டு கொஞ்சக் காத்தை உள்ள இழுத்து, அமுக்கி, எண்ணெயக் கொளுத்தி, மூர்க்கமாத் தள்ளுது. வேகம் புடிச்சப்புறம் மூர்க்கந்தான் ஜெயிக்கும். நின்ன எடத்துலேர்ந்து கெளம்பறப்ப, நெறயத் தள்றவன்தான் ஜெயிப்பான். எண்ணெயும் அது யானைப் பசிக்குக் குடிக்கும்னு சொல்றாங்க. இந்த ஏரி கரைக்குக் கரை அறநூறு கெஜம் சார். ஜெட்டு இங்க எறங்கியிருந்தா, மாடு பூட்டித்தான் இழுத்துக்கினு போவணும்."

சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. "வாண வேடிக்கையில் போகிற வாணமும் இதுவும் ஒன்றுதானே?" என்று விடாமல் கேட்டார்.

"இல்ல சார். வாணம் எரியறதுக்கு வேணுங்கறதெல்லாம் மருந்துலயே கட்டிக்கினு போவுது. ஜெட்டு மூச்சு வாங்கும். காத்து இல்லாட்டி அது அணைஞ்சிடும்."

விமானி இதற்குள் ஏரியை அடியளந்து வந்தார். பாரம் குறைய வேண்டும் என்றார். வெயில் ஏறினால் காற்று மெலியும்; ஆகவே விடியலில்தான் எழ முடியும் என்றார். நாற்காலிகளைக் கழற்றிக் கீழே போட்டார்கள். இன்னும் ஒரு பாரம் குறைந்தால் நல்லது என்றபோது எல்லோர் கண்ணும் ஒரே பக்கம் திரும்பியது. பெரிய அதிகாரி நல்ல ஆகிருதி உடையவர். மறுநாள் நம் இரண்டாம் நம்பர் வண்டியில் முன்சீட்டு கொடுத்து அவரைத் திண்டிவனம் ரயிலுக்கு அனுப்பிவைத்தோம்.

பொழுது சாயுமுன் குழாய் பூட்டி, எண்ணெய் நிரப்பி, இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தார்கள். சொட்டு ஒழுகவில்லை. வீடு திரும்பிய இருதயநாதனார் சரியாய்ச் சாப்பிடவில்லை என்பதை மரியசெல்வி அம்மாளே எங்களிடம் சொன்னார்கள்.

"வேலைதான் முடிஞ்சிருச்சே. இன்னா யோசனை?"

"காலைல அந்த விமானி கையால சுத்தாம இன்ஜினைத் தட்டி முடுக்கிருவாரோன்னு இருக்குது. அவரு அவசரக்காரரு."

"சுத்தணும்னு சொல்லுங்க."

"சொன்னா கேக்கணுமே."

"கேக்கறது அவுரு பாடு" என்றார் அம்மாள். "சொல்றது உங்க பாடு."

கிழக்கு வெளுக்கையில் ஏரிக்கரை முழுதும் ஜனம். விமானத்துக்குள் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ராஜாம்பாள் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலை முதல் நின்றிருந்த இடது இன்ஜின், கையால் சுற்றிப் பார்த்தபின், முதலில் முடுக்கப்பட்டு உறுமியது. அதை அடக்கி ஓடவிட்டு, விமானியின் கை வலது இன்ஜினுக்குப் போயிற்று.

"நிறுத்துங்க சார்!"

இருதயநாதனார் வலது விசிறிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். அவர் அப்படிக் கத்தி நாங்கள் எவரும் கேட்டதில்லை.

"கையால சுத்திப் பாக்காம இத்தத் தட்டக் கூடாது!"

விமானி ஜன்னலில் தலை நீட்டினார். "நேற்று மாலைதானே ஓடிற்று? வெயில் ஏறிவிடும், விலகும்!"

"ராத்திரியெல்லாம் நின்னுருக்குது சார். பஸ் இன்ஜினா இருந்தா எண்ணெய் தொட்டில எறங்கிடும். இது வட்டமா நிக்கற இன்ஜின். அடியில இருக்கற சிலிண்டருங்க தலைகீழாத் தொங்குது. அதுங்க வாயிலதான் எண்ணெய் எறங்கும். எண்ணெய அமுக்க முடியாது சார், தண்டு வளைஞ்சிடும்!"

"நான் ஆயிரம் மணி நேரம் பறந்தவன். விலகும் ஐயா!"

முதலாளி அவர்களே கரையிலிருந்து கூவினார். "விடுய்யா இருதயம், அவங்களுக்குத் தெரியாதா?"

அவர் நகரவில்லை.

"எம்மேல ஏத்திக்கினு போங்க" என்றார்.

விமானி ஒரு கணம் பார்த்தார். இடது இன்ஜினையும் அணைத்தார். "மூன்று நிமிடம்" என்றார்.

இருதயநாதனாரும் வீராசாமியும் விசிறியின் அலகைப் பிடித்து மெல்ல இழுத்தார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. ஐந்தாவது அலகு பாதியில் நின்றது. தோள் கொடுத்துப் பார்த்தார்கள். சுவரைத் தள்ளுவது போல் இருந்தது. விமானி இறங்கி ஓடிவந்து தாமே ஒருமுறை தள்ளிப் பார்த்தார். அலகு அசையவில்லை.

அடிச் சிலிண்டர் இரண்டின் பிளக்குகளைக் கழற்றினார் இருதயநாதனார். ஒன்றிலிருந்து நாலு சொட்டு. மற்றதிலிருந்து கருஞ்சாந்தாய் எண்ணெய் கொட்டி, கீழே வைத்த சட்டியில் கால்வாசி நிறைந்தது. பிளக்கைத் துடைத்துப் பூட்டி, மறுபடி சுற்றினார்கள். ஒன்பது சிலிண்டரும் ஒன்றன்பின் ஒன்றாய் மூச்சு விட்டன. மூன்று நிமிடம் பன்னிரண்டு ஆகிவிட்டிருந்தது. விமானி கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"இப்ப தட்டுங்க சார்."

வெண்புகை கக்கி, இருமி, பிறகு சீராகி ஓடியது வலது இன்ஜின். இடதும் மறுபடி முடுக்கப்பட, விமானம் பின்கரை ஓரம்வரை போய்த் திரும்பியது. இரண்டு விசிறிகளும் முழு வேகத்தில் முழங்க, அடக்கிப் பிடித்திருந்து, விட்டார்! நூறு கெஜம், இருநூறு, முந்நூறு! வால் தூக்கியது. நானூறு! கரைமேல் நின்ற ஜனம் இரண்டு பக்கமும் சிதறியது. ஐந்நூறு கெஜத்தில் சக்கரம் மண்ணை விட்டது. கரையின் ஆவாரஞ்செடிகள் மடங்கிப் படுக்க, தலைக்குமேல் ஓர் ஆள் உயரத்தில் பாய்ந்து, எழுந்து, செஞ்சிக் கோட்டை மலைகளான கிருஷ்ணகிரி ராஜகிரி இரண்டையும் ஒரு சுற்றுச் சுற்றித் தெற்கே போயிற்று. வீராசாமி துண்டை ஆகாயத்தில் எறிந்து கூத்தாடினார். ஏரி முழுதும் எழுந்த ஆரவாரம் ஊர்க் கோடிவரை கேட்டதாம். இருதயநாதனார் மட்டும் சத்தமின்றி மண்ணில் உட்கார்ந்து, இரு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுதாரா, ஜெபித்தாரா என்று நாங்கள் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் ராஜாம்பாளிடமிருந்து தந்தி வந்தது: 'மருந்து கெடாமல் சேர்ந்தது. ஊசி போட்டுக்கொண்டே இருக்கிறோம்.' பதினைந்து நாளில் விமானியின் கடிதம் வந்தது. அவர் எழுதியதில் ஒரு வரியை இங்கே படிக்கிறோம்: 'அன்று நீங்கள் விலகியிருந்தால் நானும் அந்த அம்மாளும் உங்கள் ஏரிக்கரையிலேயே முடிந்திருப்போம்; அதன்பின் தெற்கே எத்தனை பேர் என்று எண்ணவும் எனக்குத் துணிவில்லை.' சென்னையில் தம் கம்பெனியில் வேலை தருவதாகவும் அழைத்திருந்தார். இருதயநாதனார் ஒரு மாதம் போய், அங்கிருந்த ஒவ்வொரு இன்ஜினையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "நாலாம் நெம்பருக்கு இன்னும் குழாய் மாட்டலியே" என்றதுதான் அவர் சொன்ன காரணம்.

ஆற்றல் மிக்க அன்பரே! இப்போது உம்மை நோக்கியே பேசுகிறோம். எழுந்து போகாமல் இருப்பீராக. விசிறியையும் ஜெட்டையும் ஒப்பிட்டு, அதனதன் இடத்தில் அதனதன் அருமை சொன்ன அறிவாளரே! அதிகாரத்துக்கு அஞ்சாது அலகின் முன் நின்ற ஆண்மையாளரே! உமக்குச் சால்வை அணிவித்தோம், சந்தனம் பூசினோம். இவை நாளை மடித்து வைக்கப்படும். மடித்து வைக்க முடியாத ஒன்றை முதலாளி அவர்கள் இன்று காலை கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார்கள். அதன் வாசகம் இது:

'இன்று முதல், மெக்கானிக் "நிறுத்து" என்று சொன்ன வண்டியை, டிரைவரோ ஏஜெண்டோ முதலாளியாகிய நானோ எக்காரணம் கொண்டும் ஷெட்டைவிட்டு எடுக்கலாகாது. சொன்னவன் நேற்றுச் சேர்ந்த ஆளாயினும் சரி.'

எண்ணெய் விளக்கில் திரி நிற்கும் வரை அல்ல, எண்ணிய எல்லாம் கண்டு முடிக்கும் வரை, கண்ணொளி குன்றாது, கைவலி காணாது, மரியசெல்வி அம்மையாரோடும் மக்களோடும் மகிழ்ந்திருந்து, ஜெட் விமானம் ஒன்று செஞ்சி வானில் செல்வதை நேரிலேயே கண்டு, அதன் குறைநிறையை எங்களுக்கு வந்து சொல்ல நெடுநாள் வாழ்க! வாழ்க!

செஞ்சி,
1949 ஆனி முதல் நாள்.

இங்ஙனம்,
ஸ்ரீ கமலக்கண்ணி மோட்டார் சர்வீஸ் தொழிலாளர் அனைவர்க்காகவும்,
மடல் எழுதிய டிக்கெட் கிளார்க் கன்னியப்பன்,
பற்று வைத்த வீராசாமி.